உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டிய உடை

ஜீன்ஸ் பொருந்துகிறதா என்பதைப் பெரும்பாலானோர் ட்ரையல் ரூம் கண்ணாடி முன் நின்றபடியே முடிவு செய்துவிடுகிறார்கள். அணிபவரின் நாளோ பைக் சீட்டிலும் பஸ்ஸிலும் அலுவலக நாற்காலியிலும் கழிகிறது. வீட்டுக்கு வந்ததும் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் பழக்கமும் இங்கே பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. உட்காரும்போது உடலின் அளவே மாறிவிடுகிறது. இடுப்பும் தொடையும் அகல்கின்றன, பின்புறத்திலும் முழங்காலின் முன்புறத்திலும் தோல் நீளவாக்கில் இழுபடுகிறது. முழங்காலை நன்றாக மடக்கும்போது அங்கே தோல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீள்கிறது. துணி அந்த அளவுக்கு நீளாது. அந்தக் குறையை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டியிருப்பதால் பின்னிடுப்பு கீழே இறங்குகிறது, முன்பக்கம் வயிற்றை அழுத்துகிறது, தொடை பிடிக்கிறது. நிற்கும்போது கச்சிதமாக இருந்த ஜீன்ஸ் அரை மணி நேரத்தில் தொல்லையாக மாறுவது இப்படித்தான்.

இந்த இறுக்கம் ஜீன்ஸுடன் பிறந்ததல்ல. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் தையற்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸும், சான்ஃபிரான்சிஸ்கோவில் துணி வியாபாரம் செய்த லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று ஒரு காப்புரிமை பெற்றார்கள். கூலித் தொழிலாளர்களின் கால்சட்டைப் பைகள் கிழியாமல் இருக்க, பையின் மூலைகளில் செம்பு ரிவெட் அடிக்கும் முறைக்கான உரிமை அது. அந்தக் கால்சட்டைகள் தொளதொளப்பானவை. தோளில் மாட்டும் வாரில் தொங்கின. பின்னிடுப்பில் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சின்னப் பட்டை இருந்தது. லீவைஸ் 501-இல் பெல்ட் கோக்கும் வளையங்களே 1922-இல்தான் வந்தன. குனிந்து நிமிர்ந்து பாரம் சுமப்பவர்களுக்காகத் தைக்கப்பட்ட உடை, குனியவே முடியாத உடையாக ஆனது பின்னால் வந்த பாணியால். எனவே கொஞ்சம் தளர்வான ஜீன்ஸ் வாங்குபவர் பழைமைக்குத் திரும்புவதாக நினைக்க வேண்டியதில்லை, அந்த உடையின் அசல் இயல்பைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

தேர்வைத் துணியிலிருந்து தொடங்க வேண்டும். டெனிம் என்பது சாய்வரி நெசவு. நீலமேற்றிய பாவு நூல் நீளவாக்கிலும், சாயமேற்றாத ஊடை நூல் குறுக்கிலும் ஓடும். ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடை நூல்களுக்கு மேலேயும் ஒன்றுக்குக் கீழேயும் செல்வதால் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கிறது. இந்தத் துணியைக் கனத்தை வைத்துத் தரம் பிரிப்பார்கள். சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்பது கணக்கு. 12 முதல் 14 அவுன்ஸ் வரையிலானது வழக்கமான கனத்த ஜீன்ஸ். 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிராம். குளிர்நாடுகளுக்கு அது சரி. சென்னை, மதுரை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் ஆண்டில் பத்து மாதம் அணிய 9 முதல் 11 அவுன்ஸ் துணியே ஏற்றது. கடை அட்டையில் அவுன்ஸ் கணக்கு பெரும்பாலும் இருக்காது, கைதான் தராசு. கால் பகுதியை ஒற்றை மடிப்பாகப் பிடித்துக் கசக்கினால் மெல்லிய டெனிம் எளிதில் மடியும், கனத்தது விறைத்து நிற்கும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைக்காரர்களுக்கு அந்த விறைத்த துணியே நல்லது.

துணி எதனால் ஆனது என்பது கனத்தைவிட முக்கியம். பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அந்த அளவு அரை சதவீதம்கூட இல்லை. குறைந்த விலை ஜீன்ஸ்களில் பாலியஸ்டரை 20, 30 சதவீதம் வரை கலப்பதுண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. வேர்க்கும் ஊரில் அணிந்த முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இடுப்பின் உட்புறத் தையலில் இருக்கும் சிறு துணிச் சீட்டில் கலப்பு விகிதம் அச்சாகியிருக்கும். விலைச் சீட்டைப் படிப்பதற்கு முன் அதைப் படிப்பது நல்லது.

அந்தச் சீட்டில் எலாஸ்டேன் என்றோ ஸ்பேண்டெக்ஸ் என்றோ இருப்பதைத்தான் கடைக்காரர்கள் ‘லைக்ரா’ என்கிறார்கள். 1 முதல் 2 சதவீதம் இருந்தால் போதும், உட்கார்ந்து எழ வசதியாக இருக்கும். 4, 5 சதவீதத்துக்கு மேல் போனால் துணி தோலைக் கவ்விப் பிடிக்கும், சில மாதங்களில் முழங்காலில் பை போலப் புடைக்கவும் தொடங்கும். இங்கே பலர் கவனிக்காத ஓர் உண்மை இருக்கிறது. சாதாரண ஸ்ட்ரெச் டெனிமில் இந்த இழை ஊடையில் மட்டுமே சேர்க்கப்படுகிறது. ஆகவே துணி இடுப்பையும் தொடையையும் சுற்றி அகலவாக்கில்தான் நெகிழும், மேலும் கீழுமாக நெகிழாது. உட்காரும்போது உடல் கேட்பதோ நீளவாக்கிலான இடம். ‘லைக்ரா இருக்கிறது, எப்படி உட்கார்ந்தாலும் சரியாகிவிடும்’ என்று விற்பனையாளர் சொல்வது பாதிதான் உண்மை.

அந்த நீளத்தைத் தருவது ரைஸ் என்ற அளவு. இரண்டு கால்களும் சேரும் கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டையின் மேல்விளிம்பு வரையுள்ள தூரம் அது. ஜீன்ஸின் சுகத்தை இடுப்பு அளவைவிட இதுவே அதிகம் தீர்மானிக்கிறது. ஆனாலும் பல கடைகளில் இதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. முன்பக்கத்தில் ஏறத்தாழ 8 இன்ச் வரை இருப்பதை லோ வெயிஸ்ட் என்றும், 9, 10 இன்ச் அளவை மிட் என்றும், 11 இன்ச்சைத் தாண்டுவதை ஹை வெயிஸ்ட் என்றும் கொள்ளலாம். உடல் அளவு பெரிதாகும்போது இந்த எண்களும் சற்று ஏறும். பின்பக்க ரைஸ் எப்போதும் முன்பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எத்தனை இன்ச் கூடுதல் என்பதில்தான் ஒரு ஜீன்ஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். ஜீன்ஸை இரண்டாக மடித்துக் கீழே விரித்தால் பின்னிடுப்பு முன்னிடுப்பைவிட எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால், பைக்கில் ஏறியதும் சட்டைக்குக் கீழே முதுகு தெரியும்.

தொப்பை உள்ள ஆண்கள் பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே லோ வெயிஸ்ட் ஜீன்ஸை மாட்டி, நழுவாமல் இருக்க பெல்ட்டை இறுக்குகிறார்கள். இடுப்பெலும்பின் முனைக்கு அருகே, தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று செல்கிறது. அந்த இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் தொடையின் வெளிப்புறம் மரத்துப் போகும், எரியும், ஊசி குத்துவது போலிருக்கும். மருத்துவத்தில் இதற்கு மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று பெயர். இறுக்கமான உடையும் பெல்ட்டும் உடல் பருமனும் இதன் அறியப்பட்ட காரணங்கள். பலருக்கு உடையைத் தளர்த்தினாலே சரியாகிவிடும். தளர்த்தியும் மாறாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொப்பை உள்ளவருக்கு, தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மிட் ரைஸும் தளர்வான தொடையும் உள்ள ஸ்ட்ரெய்ட் ஃபிட் ஏற்றது.

பெண்களின் சிக்கல் வேறு. இடுப்புக்கும் பின்புறத்துக்கும் அளவு வித்தியாசம் அதிகமாக உள்ளவர்களுக்கு, தொடைக்குச் சரியாக வரும் ஜீன்ஸ் பின்னிடுப்பில் வாய் பிளந்து நிற்கும். இடுப்புக்குச் சரியாக வருவதோ தொடையில் ஏறாது. அகலமான இடத்துக்குப் பொருந்துவதை வாங்கி இடுப்பைக் குறைத்துக்கொள்வதே வழி. நேர்ப்பட்டையாக இல்லாமல் வளைவாக வெட்டிய இடுப்புப் பட்டை உள்ள ஜீன்ஸில் இந்த இடைவெளி குறைவு. பின்பக்கத்தில் இடுப்புப் பட்டைக்குக் கீழே ‘வி’ வடிவில் தைத்திருக்கும் துண்டுக்கு யோக் என்று பெயர். அந்த ‘வி’ ஆழமாக இருந்தால் பின்புற வளைவுக்கு இடம் கிடைக்கும். பைகளையும் கவனிக்க வேண்டும். பெண்கள் ஜீன்ஸின் முன்பைகள் ஆண்களுடையதைவிட மிகச் சிறியவை, சிலவற்றில் பை இருப்பதுபோல் தையல் மட்டுமே இருக்கும். போனை உள்ளே வைத்துப் பார்த்து வாங்குவது கூச்சப்பட வேண்டிய காரியமல்ல.

சீட்டில் 32 என்று எழுதியிருந்தால் இடுப்பு 32 இன்ச் இருக்கும் என்ற உறுதி கிடையாது. வாங்குபவர் மனம் குளிர, அளவைக் குறைத்து எழுதும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஒரே கடையில் இரண்டு பிராண்டுகளின் 32-க்குள் இரண்டு இன்ச் வேறுபாடு வரலாம். இந்திய உடலுக்கென்று தனி அளவு அட்டவணை இல்லாத குறையைத் தீர்க்கத்தான் நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம், 25,000-க்கும் மேற்பட்டோரை ஸ்கேனர் மூலம் அளவெடுக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை வகுத்தது. இதற்கெல்லாம் முன்பு, 1995-இல் அர்விந்த் மில்ஸ் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்ற பெயரில் துணி, ஜிப், பட்டன், ரிவெட் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்றது. வாங்கியவர்கள் உள்ளூர் டெய்லரிடம் கொடுத்துத் தங்கள் உடலுக்கே தைத்துக்கொண்டார்கள். அந்த நல்ல முறை நீடிக்காமல் போனது இழப்புதான்.

ஆன்லைனில் வாங்குவோர் உடலை அளப்பதைவிட, வீட்டில் இருப்பதிலேயே சுகமான ஜீன்ஸைத் தரையில் விரித்து அளப்பது பயனுள்ளது. இடுப்பு, கவட்டுத் தையலை ஒட்டிய தொடை அகலம், முன் ரைஸ், பின் ரைஸ், உள்கால் நீளம், கால் வாய் அகலம் ஆகிய ஆறையும் குறித்துக்கொண்டு, விற்பனைப் பக்கத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஆறில் தொடையும் பின் ரைஸும் ஒத்துப்போனால் மற்றவற்றை டெய்லர் பார்த்துக்கொள்வார்.

கால் வடிவத்துக்குப் பெயர்கள் ஏராளம். சுகத்தைப் பொறுத்தவரை தொடைக்கும் முழங்காலுக்கும் இடம் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. ஸ்ட்ரெய்ட், ரிலாக்ஸ்ட், பூட்கட் மூன்றிலும் இடம் உண்டு. தொடை தளர்ந்து கணுக்காலில் மட்டும் குறுகும் டேப்பர்ட் வடிவம் பைக் ஓட்டுபவர்களுக்கு மிக வசதி. தரையைத் தொடும் அகலக் கால்கள் செயினிலும் கிக்கரிலும் மாட்டும். பென்சில் ஃபிட் நாள் முழுவதும் அணிய ஏற்றதல்ல. 2015-இல் ஆஸ்திரேலியாவில், ஸ்கின்னி ஜீன்ஸ் அணிந்து பல மணி நேரம் குத்துக்காலிட்டு வேலை செய்த பெண் ஒருவருக்குக் கெண்டைக்கால் வீங்கி நரம்புகள் பாதிக்கப்பட்டு, நடக்க முடியாமல் விழுந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அது அரிதான ஒன்று. தொடையிடுக்கில் வேர்வை தேங்கி வரும் படர்தாமரை அரிதல்ல. தோல் மருத்துவர்கள் அதற்கு மருந்தோடு சேர்த்துத் தளர்வான பருத்தி உடையையும் பரிந்துரைக்கிறார்கள். மழையில் நனைந்த ஜீன்ஸை உடலிலேயே காயவிடுவதும், பாதி காய்ந்ததை மறுநாள் மாட்டுவதும் அந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதாகும்.

தினமும் நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சாதாரண டெனிம் தார்ச்சாலை உராய்விலிருந்து காப்பாற்றாது. அதற்கென அராமிட் இழை சேர்த்து, முழங்காலில் காப்பு வைத்த ரைடிங் ஜீன்ஸ் தனியே கிடைக்கிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு நூறு சதவீதப் பருத்தியே போதும். தரையில் உட்கார்ந்து எழுபவர்களுக்கு, கவட்டுத் தையலில் வைர வடிவில் கூடுதல் துண்டு வைத்துத் தைத்த ஜீன்ஸ் பெரிய வரம். நாற்காலியில் எட்டு மணி நேரம் இருப்பவர்கள் பின்பையில் பர்ஸ் வைக்கும் பழக்கத்தை விடவேண்டும். தடித்த பர்ஸின் மீது சாய்வாக உட்கார்வது பிட்டத்து நரம்பை அழுத்தி, காலில் இறங்கும் வலியைத் தரும். முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கு, உள்ளே எலாஸ்டிக் வைத்த மெல்லிய டெனிம் நல்லது. ஜீன்ஸ் பட்டன் படும் தொப்புள் பகுதியில் அரிப்பும் தடிப்பும் வந்தால் பட்டனில் உள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். பட்டனின் உட்புறத்தில் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்தால் தோலில் படாது.

ட்ரையல் ரூமில் நிற்பதோடு விடாமல் நாற்காலியில் உட்கார வேண்டும், குத்துக்காலிட வேண்டும், ஒரு காலை பைக்கில் ஏறுவதுபோல் தூக்கிப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கமாக அணியும் உள்ளாடையோடு போவது நல்லது. உட்கார்ந்த நிலையில் இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். பருத்தி ஜீன்ஸ் சில நாள் அணிந்தால் அரை இன்ச் வரை தளரும், துவைத்ததும் மீண்டும் இறுகும். நீளத்தைக் குறைப்பதாக இருந்தால் முதலில் ஒருமுறை துவைத்துவிட்டு டெய்லரிடம் கொடுக்க வேண்டும். மூன்று இன்ச்சுக்கு மேல் வெட்டினால் முழங்கால் வளைவு இடம் மாறி, கீழ்ப்பகுதி அகலமாகிவிடும். குட்டையானவர்கள் குறைந்த உள்கால் நீளத்தில் தேடுவதே மேல். இடுப்பை ஒன்றரை, இரண்டு இன்ச் வரை குறைக்கலாம். அதைத் தாண்டினால் பின்பைகள் இரண்டும் நெருங்கி வந்துவிடும்.

வாங்கியதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்தினால் எலாஸ்டேன் நீடிக்கும். வெந்நீரும் பிளீச்சும் சூடான இஸ்திரியும் அந்த இழையைக் கெடுக்கும். நீலம் போகாமலிருக்க உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பது பயன் தராது. இண்டிகோ நூலின் மேற்பரப்பில் மட்டும் படியும் சாயம், மெல்ல உதிர்வது அதன் இயல்பு.

விலைச் சீட்டைக் கிழிப்பதற்கு முன் வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து உட்கார்ந்து பாருங்கள். கழற்றும்போது இடுப்பிலும் தொடையிடுக்கிலும் அழுந்திய சிவப்புத் தடம் இருந்தால், மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.