மேகமலைக்கு மேலே ஒரு முயல்

கம்பத்தில் பௌர்ணமி நிலா மேகமலைத் தொடருக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். இடுப்பிலிருக்கும் பிள்ளைக்குச் சோறூட்டியபடி, "அந்தா பாரு, பாட்டி வடை சுடுறா" என்று காட்டுவோம். சீனத்து அம்மாவும் அதே கறையைத்தான் காட்டுகிறாள். அவளுக்கு அது முயல்; சாங்இ என்ற நிலாப் பெண்ணுக்குத் துணையிருந்து, உரலில் மருந்து இடிக்கும் முயல்.

எட்டாம் சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாள் அங்கே நிலாத் திருவிழா. 2026இல் அது செப்டம்பர் 25, நமக்குப் புரட்டாசி. பிள்ளைகள் காகித விளக்கேந்திப் போவார்கள். தென்சீனத்தில் பம்பளிமாஸ் தோலைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்வதும் உண்டு. அன்றைய பலகாரத்தை வெட்டினால், பழுப்பு நிறத் தாமரை விதை விழுதுக்கு நடுவே உப்பில் ஊறிய முட்டையின் மஞ்சள் கரு, அப்படியே ஒரு முழு நிலா!

நம் பிள்ளைகளுக்கு இந்தத் திருவிழாவைச் சொல்ல, முயல் ஒன்றே போதும் என்பேன். அது நமக்கும் அந்நியமில்லை. நிலவின் களங்கத்துக்குத் தமிழில் முயற்கறை என்றே பெயர்; சசாங்கன் என்றாலும் முயலை அடையாளமாகக் கொண்டவன்தான்.

பார்க்க வேண்டிய நேரம், நிலா எழும் அந்திப்பொழுது. நம் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருப்பதால், அப்போது முயல் காதைத் தூக்கி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். நள்ளிரவில் உச்சிக்கு வந்ததும் படுத்துவிடும். விடியலில் குமுளி மலைப்பக்கம் இறங்கும்போது கிட்டத்தட்டத் தலைகீழ். புரண்டது முயலல்ல, பூமியோடு சுற்றிய நாம்.

அந்தக் கறை, முன்னூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பெரும் பள்ளங்களில் பொங்கி நிரம்பி உறைந்த எரிமலைக் குழம்பு. இரும்புச் சத்து மிகுந்த கரும்பாறை என்பதால் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால், நம் பாட்டிகளின் பாட்டிகள் பார்த்ததும் இதே முயல்தான்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடல், முயலின் தலை. இறங்கும் முன், சாங்இயையும் முயலையும் தேடிப் பாருங்கள் என்று பூமியிலிருந்து வீரர்களுக்குச் சொன்னார்கள். 2013 டிசம்பரில் சீனா அனுப்பிய ஊர்தியின் பெயர் யூட்டு, பச்சைமணி முயல். அது முயலின் உடம்பாகத் தெரியும் மழைக்கடலில் இன்னும் நிற்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு மொட்டைமாடியில் பிள்ளைக்கு அந்த இடத்தையும் விரலால் காட்டலாம்.