நாடுதலும் விரும்புதலும்
(ஸ்பானிய வினைச்சொல் ஒன்றின் பொருள் விளக்கம்)

பிறமொழி பயில்வோர் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளெனக் குறித்துக்கொண்டு மனனம் செய்வது வழக்கம். நாள்தோறும் வழங்கும் எளிய வினைச்சொற்களே இம்முறைக்கு அடங்காமல் மாணவரை இடறச் செய்கின்றன. ஸ்பானிய மொழியின் ‘கெரேர்’ என்னும் வினை இதற்குத் தக்க சான்றாகும்.

பொருள்கள்

இவ்வினைக்கு முதற்கண் கற்பிக்கப்படும் பொருள் வேண்டுதல் என்பதாம். ‘கியேரோ ஆகுவா’ எனின் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று பொருள். ஆனால், தாயொருத்தி தன் மகனை நோக்கித் ‘தே கியேரோ’ என்னும்போது, ‘நீ எனக்கு வேண்டும்’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. ‘உன்மீது அன்பு கொண்டுள்ளேன்’ என்பதே கருத்து. இவ்வினையினின்று பிறந்த ‘கெரீதோ’ என்னும் சொல் கடிதத் தொடக்கத்தில் ‘அன்புள்ள’ என நிற்கும். ‘கியேரே தெசீர்’ என்பது சொல்லுக்குச் சொல் ‘சொல்ல விரும்புகிறது’ என்றாகும். வழக்கிலோ ‘என்று பொருள்படும்’ என்பதைக் குறிக்கும். ‘சின் கெரேர்’ என்பது ‘வேண்டுமென்று செய்யாமல்’ எனப் பொருள்தரும். நம் வழக்கிலும் மனமறிந்து செய்வதை ‘வேண்டுமென்றே’ என்பது ஒப்புநோக்கத்தக்கது.

காலமும் கருத்தும்

‘நோ கெரியா’, ‘நோ கீசே’ இரண்டும் இறந்தகால எதிர்மறைகளே. முன்னது ‘எனக்கு விருப்பமில்லாதிருந்தது’ என மனநிலையை மட்டும் உணர்த்தும். பின்னதோ பெரும்பாலும் ‘மறுத்துவிட்டேன்’ என முடிந்த செயலையே உணர்த்தும். ‘கிசியேரா’ என்னும் வடிவம் பணிவான வேண்டுகோளுக்கு உரியது. வினையின் வடிவம் மாறப் பொருளும் மாறுதல் காண்க.

வேரும் உறவும்

‘கெரேர்’ என்பதன் வேர், தேடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். தேடப்படுவது விரும்பப்படுகிறது, விரும்பப்படுவது அன்புக்குரியதாகிறது. தமிழில் ‘நாடு’ என்னும் வினையும் தேடுதல், ஆராய்தல் என்னும் பொருள்களோடு விரும்புதல் என்னும் பொருளையும் கொண்டது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே வழியில் சிந்தித்திருப்பது வியப்பிற்குரியது.

மற்றுமோர் உறவும் உண்டு. கி.பி. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி நிலவியது. அக்காலத்து அரபு வழக்காகிய ‘லவ் ஷா அல்லாஹ்’ என்பதே ‘ஓஹலா’ என மருவி, ‘அவ்வாறே ஆகுக’ என்னும் ஏக்கத்தைப் புலப்படுத்த இன்றும் அங்கு வழங்குகிறது. ஆட்சி அகன்றும் சொல் அகலவில்லை. அதனை நாவில் கொண்டோர் பலர்க்கு அதன் தோற்றம் தெரியாது. அதே கருத்தைத் தம் மொழிச் சொற்களால் கூறும்போது ஸ்பானியர் ‘சி தியோஸ் கியேரே’ என்பர். நாம் ‘இறைவன் நாடினால்’ என்கிறோம். அவர்தம் ‘கியேரே’ நிற்கும் இடத்தில் நம் ‘நாடினால்’ நிற்கிறது.

ஆதலின், சொல்லைத் தனித்து மனனம் செய்யாது, அது வாழும் தொடரோடும் வந்த வரலாற்றோடும் கற்றலே மொழிக்கல்வியாம்.