கேமராவுக்கும் ஒரு மணியோசை

காலையில் பள்ளி மணி ஒலித்ததும் நாம் பிரார்த்தனைக்கு அணிவகுக்கின்றோம். அடுத்த மணிக்குப் பாடம் தொடங்குகின்றது. மணி தவறினால் ஆசிரியை ஒரு வகுப்பிலும் மாணவியர் வேறொரு வகுப்பிலும் நிற்க நேரிடும் அன்றோ? கைப்பேசியிலுள்ள கேமராவும் இத்தகைய மணியோசை ஒன்றைக் கேட்டே இயங்குகின்றது. அம்மணியை அடிப்பவர் யார், நிறுத்துபவர் யார் என்பதைச் சற்றுக் காண்போம்.

இது நேரம் காட்டும் கடிகாரம் அன்று. சீராகத் துடிக்கும் மின்துடிப்பு. எனினும் பொறியாளர்கள் இதனையும் 'கிளாக்' என்றே அழைக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 2016ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெர்ரி பை கேமராவில் சோனி நிறுவனத்தின் ஐ.எம்.எக்ஸ். 219 என்னும் ஒளி உணரி உள்ளது. அதற்கு வேண்டிய துடிப்பு 24 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் முறை!

கேமராவுக்கும் இயக்குதளத்துக்கும் இடையே நின்று பணியாற்றும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். லினக்ஸ் இயக்குதளத்தில் இந்த உணரிக்கான டிரைவர் முதலில் மின்சாரம் தருகின்றது. பிறகு கிளாக்கைத் தொடங்குகின்றது. அதன் பின்னரே உணரியை உறக்கத்திலிருந்து எழுப்புகின்றது. எழுப்பியதும் 6.2 மில்லி நொடியேனும் பொறுத்திருந்து, அதன் பிறகே கட்டளை இடுகின்றது. துடிப்பு இல்லாத உணரியிடம் கட்டளை இடுவது, உறங்கும் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்பதற்கு ஒப்பாகும்.

இனி ஒரு சிறு கணக்கு. உணரி தனக்குள் இருக்கும் பெருக்கிச் சுற்றினால் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து இன்னும் விரைவான துடிப்பை உருவாக்கிக்கொள்கின்றது. எனவே நொடிக்கு 18 கோடியே 24 லட்சம் படப்புள்ளிகளுக்கு நேரம் கிடைக்கின்றது. முழு அளவுப் படத்தில், இடைவெளிகளையும் சேர்த்து, ஒரு வரிக்கு 3448 புள்ளிகள். ஒரு படத்துக்கு 3526 வரிகள். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 15 படங்கள் வரும். ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பதையும் உணரி வரிகளாலேயே எண்ணுகின்றது. நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்பது அதற்கு 529 வரிகள்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உடையது. ஆகையால் பல குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. கேமரா சரியாக நூற்றில் ஒரு பங்கு நொடி ஒளியை ஏற்றால் படத்திலும் தெரியாது. ஆனால் 24 என்று டிரைவர் நம்பியிருக்க, உண்மையில் வருவது 19.2 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதே 529 வரிகள் எண்பதில் ஒரு பங்கு நொடியாக நீண்டுவிடும். 15 படங்கள் 12 ஆகக் குறையும். விழா மேடையில் பாடும் குழந்தையின் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். விளக்கையும் கேமராவையும் நாம் குறை கூறுவோம். குற்றமோ துடிப்பில் இருக்கும். எனவேதான் இந்த டிரைவர் தொடக்கத்திலேயே கிளாக்கின் அளவைக் கேட்டறிகின்றது. 24 அன்று என்றால் பணிசெய்யவே மறுத்துவிடுகின்றது. தவறான விடையை எழுதுவதைவிட, 'இக்கணக்கு பொருந்தவில்லை' என்று ஒப்புக்கொள்வது மேலன்றோ!

தொடங்குவதைப் போன்றே நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். படம் எடுத்து முடித்த பின்னும் கிளாக் துடித்துக்கொண்டிருந்தால் மின்கலம் வீணே கரையும். அவசரப்பட்டு நிறுத்தினாலோ, அதே மூலத்திலிருந்து துடிப்புப் பெறும் மற்றொரு கருவி திடீரென்று நின்றுவிடும். இதற்கென 2012ஆம் ஆண்டு லினக்ஸில் ஒரு பொது ஏற்பாடு சேர்க்கப்பட்டது. கிளாக்கை வேண்டுவோர் எத்தனை பேர் என அது எண்ணி வைக்கின்றது. ஒருவர் கேட்டால் ஒன்று கூடும். ஒருவர் விடைபெற்றால் ஒன்று குறையும். எண்ணிக்கை சுழியமானால்தான் கிளாக் நிற்கும். ஒரு டிரைவர் விடைபெற மறந்தால் அந்த எண்ணிக்கை சுழியத்தை எட்டுவதே இல்லை!

வகுப்பறையில் நமக்குச் சொல்லித்தரப்படும் பழக்கமும் இதுவே. தோழி ஒருத்தி படித்துக்கொண்டிருக்கையில் விளக்கை அணைப்பதில்லை. கடைசியாக வெளியேறுபவள் அணைக்காமல் செல்வதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கருவிக்குள்ளும் இவ்வொழுங்கையே அறிஞர்கள் அமைத்துள்ளனர். அடுத்த முறை கேமராவின் முன் புன்னகைக்கும்போது, நமக்காக உள்ளே தவறாமல் துடிக்கும் அந்தச் சிறு மணியையும் நினைவுகூர்வோமாக!