ஓராண்டு யாரும் தொடாத கருவி

ஓசூர் சிப்காட்டில் நள்ளிரவில் ஒரு சி.என்.சி. மெஷின் நின்றுபோனால், மெயின்டனன்ஸ் ஆள் ஸ்பேனரோடு வந்து நிற்பார். வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தள்ளி, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், காங்ஸ்ஃபியோர்டன் என்னும் கடற்கழியில் இந்தியா இறக்கிய கருவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதன் பெயர் இண்டார்க். 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினார்கள். சென்னை பள்ளிக்கரணையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் முக்கியப் பங்காளிகள். கடலடியில் கனமான நங்கூரம். அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கயிறு. அதைத் தூக்கிப் பிடிக்க மிதவைகள். கயிறு நெடுக வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் அளக்கும் உணரிகள். அளந்ததெல்லாம் உள்ளேயே பதிவாகும். இப்படிப்பட்ட கருவியை மீட்க, கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்புவார்கள். நங்கூரத்தைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபடும்; நங்கூரம் அடியிலேயே தங்க, மற்றவை மேலே வரும். கொக்கி இறுகிப்போனால் ஓராண்டு உழைப்பும் தண்ணீருக்குள்தான்.

ஆகவே கருவியை இறக்கவும் எடுக்கவும் போகும் பயணத்தைத் திட்டமிடுவது கப்பலைச் சுற்றித்தான். இண்டார்க்கை இறக்கியது நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் ‘லான்ஸ்’ கப்பல். இந்தியாவிடம் சொந்தத் துருவ ஆய்வுக் கப்பல் இருந்ததில்லை. ஒன்றைக் கட்ட 2025 ஜூனில்தான் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம் நார்வே நிறுவனம் ஒன்றோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. பிறர் கப்பல் என்றால் பிறர் காலண்டர். கருவிப் பெட்டி கப்பலுக்குப் போய்ச் சேரத் தாமதமானால், அடுத்த பயணம்வரை காத்திருக்க வேண்டும்.

பணம் புவி அறிவியல் அமைச்சகத்தின் துருவ ஆய்வுத் திட்டத்திலிருந்து வருகிறது. அது ‘பிருத்வி’ என்ற பெருந்திட்டத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. பெருந்திட்டம் முழுவதற்கும் 2021–26க்கு ஒதுக்கியது 4,797 கோடி ரூபாய். தங்க இடம், அதே கடற்கழிக் கரையிலுள்ள நி-ஆலசுன் என்னும் ஊரில் 2008இல் இந்தியா திறந்த ஹிமாத்ரி நிலையம். 2023 டிசம்பர் முதல் குளிர்காலத்திலும் குழுக்கள் போகின்றன. பனிக்கரடிக்காகத் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. ஊரில் வைஃபை, புளூடூத் கூடாது. அங்குள்ள ரேடியோ ஆன்டெனாவுக்கு அவை இடைஞ்சல். கம்பியில்லாமல் பேசும் உணரியைச் செய்பவர் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

கோவா மையம் ஆய்வு முன்மொழிவுகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். கல்வி நிறுவனங்களும் அனுப்பலாம். ஓசூர், கிருஷ்ணகிரி பொறியியல் கல்லூரிக்காரர்களே, விண்ணப்பிக்கும்போது கருவியை இறக்கும் செலவோடு, மறு ஆண்டு எடுக்கும் செலவையும் எழுதிக் கேளுங்கள்.