பெயர் சொல்லாத சட்டம்

அரசியலமைப்பு வரம்பு என்பது, வாக்குப் பலம் மிகுந்த பாராளுமன்றமும் தாண்டக்கூடாதென முன்கூட்டியே வகுக்கப்படும் எல்லையாகும். சுதந்திர இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பில் 29(2)ஆம் பிரிவு அத்தகைய எல்லையாக அமைந்து, பிற சமூகத்தவர்க்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தவர்மீது மட்டும் சட்டத்தால் சுமத்தலாகாது என விதித்தது. அந்த எல்லையின் வலுவை முதலில் சோதித்தறிய நேர்ந்தவர்கள் டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தொழிலாளர்களே.

டொனமூர் ஆணைக்குழு 1928இல் சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்ததிலிருந்து, இந்திய வம்சாவளியினரின் வாக்குகள் கண்டிச் சிங்களவரை மூழ்கடித்துவிடும் என்ற பேச்சு வளர்ந்தது. வன்முறைக்கு அழைப்பது மட்டுமே தீவிரப் பேச்சு என்று கருதுவது தவறு. ஒரு மக்கள் பிரிவின் இருப்பையே ஆபத்தாகக் காட்டுவதும் அவ்வகையானதே, தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தோரைக் ‘கள்ளத்தோணி’ என்று இழித்ததும் அதன் விளைவே. 1947 தேர்தலில் அம்மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றபோது அந்த அச்சம் மேலும் கூர்மையடைந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எச்சமூகத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆயினும் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்ததை நிறுவுமாறு அது கேட்டதால், பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில், அதாவது தோட்ட வரிசைக் குடியிருப்புகளில், வாழ்ந்தோர் நாடற்றவராயினர். மறுவருடத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. வாக்காளர் இடாப்பில் இடம் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கில், இவை 29ஆம் பிரிவை மீறவில்லை என 1951இல் உயர் நீதிமன்றமும், 1953இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகமும் (பிரிவி கவுன்சில்) தீர்ப்பளித்தன. தன் பிரஜைகள் யார் எனத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி என்பதே அங்கு சொல்லப்பட்ட நியாயம். சட்டத்தின் சொற்களைப் பார்த்த அளவுக்கு, அது லயத்தில் விளைவித்த கேட்டை நீதிபதிகள் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

சோல்பரி அரசியலமைப்புடன் 29ஆம் பிரிவும் 1972இல் நீங்கியது. 1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் இடம்பெற்றுள்ளன எனினும், 80(3)ஆம் உறுப்புரையின்படி, நிறைவேறிவிட்ட சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. சட்டமூலமாக இருக்கும் குறுகிய காலத்திலேயே குடிமக்கள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். ஆகவே வர்த்தமானியில் சட்டமூலம் வெளியாகும்போதே, யார் பெயரையும் சொல்லாமல் அது யாரைப் பாதிக்கிறது என்பதைத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் தோட்ட மக்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.