விமானம் இறங்கியாச்சு... அப்புறம்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதுமே ரோபோ, சூரிய சக்தி, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய தலைப்புகளையெல்லாம் நம்ம ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சின்ன விஷயம்தான். ஆனால் நம்மில் பலருக்கு ஒருநாள் கட்டாயம் தேவைப்படும் விஷயம்.

டிப்ளமோ முடித்ததும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று கிளம்பிப் போன சீனியர்கள் எத்தனை பேர்! பாஸ்போர்ட் எடுப்பது எப்படி, டிக்கெட் மலிவாக எங்கே கிடைக்கும் என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் உண்டு. விமானம் தரையைத் தொட்டதிலிருந்து தங்குமிடத்தின் கதவைத் தட்டும்வரை உள்ள ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. தூக்கம் இல்லை, பாஷை தெரியாது, கையில் அந்த ஊர்ப் பணம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. ஒரு மனிதனை ஏமாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

இதற்கு ஒரு வழி, புறப்படுவதற்கு முன்பே விமான நிலையத்திலிருந்து தங்கும் விடுதிக்குத் தனி காரை முன்பதிவு செய்துவிடுவது. "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு கல்யாணத்துக்காகக் கோலாலம்பூர் போனார்கள். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் நீதானே, நீயே பாத்துக்க" என்று கார் ஏற்பாடு என் தலையில் விழுந்தது. அதற்காக நான் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். உதாரணம் கோலாலம்பூர் என்றாலும் முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. ஊர் எங்கே, விமான நிலையம் எங்கே?

முதலில் பார்க்க வேண்டியது தூரம். கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையம் இருப்பது கோலாலம்பூரில் அல்ல. சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள செப்பாங்கில். 1998-ல் இது திறக்கப்படும்வரை நகரத்துக்கு அருகில் இருந்த சுபாங் நிலையம்தான் முக்கிய நிலையம். இப்போதைய நிலையத்திலிருந்து நகர மையத்துக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காரில் போனால் ஒரு மணி நேரம். காலை, மாலை நெரிசலில் இன்னும் கூடும்.

அடுத்தது முனையம். அங்கே டெர்மினல் 1, டெர்மினல் 2 என இரண்டு உண்டு. இரண்டாவது 2014-ல் திறக்கப்பட்டது. ஏர் ஏசியா அங்கேதான் இறங்கும். மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையத்தில் இறங்கும். இடையே ரயிலில் மூன்று நிமிடப் பயணம்தான். ஆனால் டிரைவர் ஒரு முனையத்திலும் நாம் இன்னொரு முனையத்திலும் நின்றால் அந்த மூன்று நிமிடமே மூன்று யுகம் ஆகிவிடும்.

2. தனி கார் எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் தனி கார் தேவையில்லை.

2002-ல் தொடங்கிய விரைவு ரயில், முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறக்கிவிடும். ஒருவழிக் கட்டணம் 2016-ல் 35 ரிங்கிட்டிலிருந்து 55 ரிங்கிட் ஆனது. அதே கே.எல். சென்ட்ரலுக்கு பஸ்ஸும் உண்டு. கட்டணம் ரயிலில் பாதிகூட வராது, நேரம்தான் அதிகம். நம்ம ஊர்க்காரர்கள் நிறையத் தங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி கே.எல். சென்ட்ரலை ஒட்டியே இருக்கிறது. தனி ஆள், தோளில் ஒரு பை, பகல் நேரம் என்றால் பஸ்ஸோ ரயிலோ போதும். காருக்குக் காசு கொடுப்பது வீண்.

நிலையத்துக்குள்ளேயே டாக்ஸி கவுண்டர் இருக்கிறது. கிராப் செயலியிலும் வண்டி கூப்பிடலாம். ஆனால் செயலிக்கு இணையம் வேண்டும்; நெரிசல் நேரத்தில் கட்டணமும் ஏறும். மீட்டர் டாக்ஸியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை பாதிக் கட்டணம் கூடுதல்.

வயதானவர்கள், குழந்தைகள், நாலைந்து பெட்டிகள், அகால நேரம், நாலு பேர் கொண்ட குழு — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முன்பதிவுக் காரை யோசிக்கலாம். நாலு பேருக்கு ரயில் டிக்கெட் 220 ரிங்கிட்; கே.எல். சென்ட்ரலிலிருந்து விடுதிக்கு வேறு செலவு உண்டு. ஒரு கார் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும்.

3. படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

டிராயிங்கில் அளவு குறிக்காமல் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கேட்டால் என்ன வரும்? அதுதான் இங்கேயும். முன்பதிவுப் படிவமும் ஒரு டிராயிங்தான். விட்டுப்போன ஒவ்வொரு அளவையும் எதிராளி தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வான்.

தேதி: மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். சென்னையில் 14-ஆம் தேதி இரவு 11.30-க்குப் புறப்படும் விமானம், சுமார் நாலு மணி நேரம் பறந்து, அங்கே 15-ஆம் தேதி காலை 6 மணிக்கு இறங்கும். டிக்கெட்டில் பளிச்சென்று தெரிவது 14 என்ற புறப்படும் தேதி. காருக்குக் கொடுக்க வேண்டியது 15 என்ற இறங்கும் தேதி, அதுவும் அந்த ஊர் நேரப்படி.

விமான எண்: வெறும் நேரத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. எண் இருந்தால்தான் விமானம் முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா என்று அவர்கள் பார்த்துக்கொண்டு டிரைவரை அனுப்புவார்கள். முனையத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர்: இங்கேதான் தமிழர்களுக்கென்றே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் பலருக்கு அப்பா பெயர் இருக்கும். வெளிநாட்டு டிரைவர் பலகையில் பெரிதாக எழுதுவது அதைத்தான். முருகன் தன் பெயரைத் தேடிக்கொண்டே நடப்பார். சண்முகம் என்று எழுதிய பலகையோடு டிரைவர் நின்றுகொண்டிருப்பார். இதை நான் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். அதன்படியே பெரியப்பா வெளியே வந்ததும் பார்த்தது எங்கள் தாத்தாவின் பெயரை. தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. "எங்கப்பாவுக்கு மலேசியாவுல கார் வந்திருக்குடா!" என்று போனில் சொல்லி, சிரித்து, கடைசியில் குரல் கம்மிவிட்டார்.

பெட்டிகள்: ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது. சாதாரண காரில் நாலு பேர் உட்காரலாம். நாலு பெரிய பெட்டியை அதன் டிக்கியில் அடைக்க எந்த மெக்கானிக்கல்காரனாலும் முடியாது. பெரிய பெட்டி எத்தனை, சின்னது எத்தனை என்று குறித்து, இன்னோவா மாதிரி வண்டி வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள்.

முகவரி: விடுதியின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று கிளைகள் இருக்கலாம். தெருவும் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணும் அவசியம். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் 50470. விடுதியின் போன் நம்பரையும் கூடவே கொடுங்கள்.

4. பணம் கட்டும் முன் நாலு கேள்வி

ஒன்று: சொன்ன தொகை வண்டிக்கா, தலைக்கா? சுங்கக் கட்டணம், பார்க்கிங், இரவுக் கூடுதல் எல்லாம் சேர்த்தா?

இரண்டு: எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார்கள்? அந்தக் கணக்கு எப்போது தொடங்கும்? இது மிக முக்கியம். இமிகிரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட் என்று ஒரு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். விமானம் உண்மையில் தரை தொட்ட நேரத்திலிருந்து கணக்கு என்றால் நல்லது. அட்டவணை நேரத்திலிருந்து என்றால், விமானம் தாமதமாகும்போது காத்திருப்பு நேரம் வானத்திலேயே தீர்ந்துவிடும். பெரியப்பாவின் விமானம் 50 நிமிடம் தாமதம். தரை தொட்ட கணக்கு என்பதால் ஒரு காசுகூட அதிகம் ஆகவில்லை.

மூன்று: டிரைவர் உள்ளே வந்து பெயர்ப் பலகையோடு நிற்பாரா, வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு நாம் போக வேண்டுமா? முதல் முனையத்தில் பயணிகள் வெளிவரும் கூடம் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. வாசல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு: பயணம் ரத்தானால் பணம் திரும்புமா? எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்?

பணத்தை ஊரிலேயே கட்டிவிடுவது நல்லது. கார்டு போட்டால் ஓ.டி.பி. வருவது இந்திய நம்பருக்கு. ரோமிங் இல்லாவிட்டால் அங்கே போய் அது வராது. ரசீதைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீரலாம், காகிதத்தில் தீராது. மலேசியா போகிறவர்கள், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டையையும் கையோடு முடித்துவிடுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம்.

5. இறங்கியதும்

நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. வாட்ஸ்அப்பில் டிரைவருக்கு "இறங்கிவிட்டோம்" என்று ஒரு வரி அனுப்புங்கள். வெளியே வந்ததும் "டாக்ஸி? டாக்ஸி?" என்று யாராவது காதோரம் கேட்டால் நிற்காமல் நடங்கள். அப்படி ஆள் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். உரிமம் இல்லாத வண்டியில் போய் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்பதும் கஷ்டம்.

"நான்தான் உங்க டிரைவர்" என்று ஒருவர் வந்தால் உடனே பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். "நீங்க முருகனுக்காக வந்தவரா?" என்று நாமே பெயரை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. "யாருக்காக வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். பெயரை அவர் சொல்ல வேண்டும். வண்டி எண்ணை ரசீதோடும் தகவலோடும் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்பிவிட்டு ஏறுங்கள். நேர்மையான டிரைவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

6. யார் அனுப்பிய கார்?

இந்தக் கட்டுரையை நான் எழுதியதற்கு முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான்.

நமக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் சில ஏஜெண்டுகள் பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். "தம்பி, நீங்க டிக்கெட்டோட போய் இறங்கினா போதும். ஏர்போர்ட்ல நம்ம ஆள் வந்து கூட்டிட்டுப் போவார்." கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த ஆள் யார், எந்த முகவரிக்கு, எந்த வண்டியில்? பதில் வராது. சுற்றுலாப் பயணியாக அனுப்பி, இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால், அந்த நிமிடத்திலிருந்து நாம் அவர்கள் கையில். சுற்றுலா அனுமதியில் வேலை செய்தால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியும் நாம்தான்.

நல்ல கம்பெனிகளும் கார் அனுப்பும். அதில் தவறே இல்லை. ஆனால் மேலே சொன்ன விவரங்கள் அத்தனையும் புறப்படும் முன் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பாஸ்போர்ட்டை டிரைவரிடமோ வேறு யாரிடமோ கொடுத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவருடைய பாஸ்போர்ட்டை மற்றவர் சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அங்குள்ள அவசர உதவி எண் 999. கோலாலம்பூர் இந்தியத் தூதரக எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, காரின் சொகுசு எனக்குப் பெரிதில்லை. அந்நிய மண்ணில் முதல் ஒரு மணி நேரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பஸ்ஸில் போனாலும் சரி, காரில் போனாலும் சரி, எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து போகிறவனை ஏமாற்றுவது கடினம். மூன்று வருஷம் அளவெடுக்கப் படித்த நாம் இதையும் அளந்து பார்த்துக் கிளம்புவோம்!

போய் வருகிற அனைவருக்கும் என் வாழ்த்துக்கள்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு