மணலில் எழுதிய மாணாக்கர்

கடல் கடந்து கற்கச் சென்ற என் பழைய மாணாக்கன் ஒருவன், “சேர், இந்நாட்டு மொழி வாயில் வராமையால் சிறுபிள்ளைபோலக் கூசி நிற்கிறேன்” என்று கடிதம் விடுத்திருந்தான். கல்முனைக்குடியில் என்னிடம் பண்டைத் தமிழைத் தெளிவுறப் படித்தவன் அவன்.

அவனுக்குச் சீகன்பால்கு பாதிரியாரின் வரலாற்றை எழுதினேன். செருமனியின் ஹாலே நகரில் இறையியல் பயின்ற அவர், 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் இறங்கியபோது 24 வயதை ஒட்டிய இளைஞர். தமிழில் ஓரெழுத்தும் அறியார். முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பின்னர், காலை 7 மணிக்குச் சொற்களை உருப்போடுவார். 8 முதல் 12 வரை தமிழ் ஏடுகளைப் புலவர் துணையோடு படிப்பார். 1708இல் தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியலே வகுத்துவிட்டார். 1715இல் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. சமயம் பரப்ப வந்தவரே ஆயினும், மொழியின் முன் அவர் மாணாக்கராகவே அமர்ந்தார்.

“நானும் நம்மூர் மணலிலேதான் அகரம் எழுதினேன், உனக்கு ஏன் கூச்சம்?” என்று முடித்தேன்.

மறுமடல் வந்தது. வீட்டுக்காரரின் ஐந்து வயது மகளிடம் நாள்தோறும் பாடம் கேட்கிறானாம்!